காற்றும் கடல் நீரோட்டமும் நமது மழையும்

2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 19ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு பெரிய படகு நிற்பதைக் கடற்றொழிலாளர் கண்டனர். அதில் 100க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பெண்களும் சிறு குழந்தைகளும் பலர். எல்லோரும் பசியாலும் தாகத்தாலும் சோர்ந்திருந்தனர். அவர்கள் மியன்மார் நாட்டின் றோகிங்கியா மக்கள். சொந்த மண்ணில் வாழ வழியின்றிக் கடலில் இறங்கியவர்கள். 2009இல் அதே கரையில் எல்லாவற்றையும் இழந்து நின்ற எமது மக்கள், அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டுபோய்க் கொடுத்தனர். இதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரும், 2022 டிசெம்பரில், 100க்கு மேற்பட்ட றோகிங்கியா மக்களுடன் வந்த ஒரு படகு வடக்குக் கடலில் மீட்கப்பட்டது.

இரண்டு படகுகளும் டிசெம்பர் மாதத்திலேயே வந்தன. இது தற்செயலா? ஆடி மாதத்தில் வங்காள விரிகுடாவில் ஒரு படகு வலுவிழந்து மிதந்தால் அதுவும் எமது கரையை நோக்கி வருமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைத் தொடங்குவோம். இறுதியில் இதற்கான விடையை நீங்களே சொல்லக் கூடியதாக இருக்கும்.

வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்து கரையோரத்தில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்களுக்குக் கடல் புதியது. ஆனால் காற்று புதியதல்ல. வாடை எப்போது எழும், சோளகம் எப்போது வீசும், கொண்டல் எதைக் கொண்டுவரும், கச்சான் எப்படிப் பயிரை வாட்டும் என்பதை நீங்கள் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. களத்து மேட்டில் காற்றின் திசை பார்த்து நின்று நெல் தூற்றியவர்கள் நீங்கள். அந்த அறிவை வைத்துக்கொண்டே கடலையும் படிக்கலாம்.

1. நீரோட்டம் என்பது யாது?

கடலில் பலவகை அசைவுகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

அலை என்பது வேறு. குடலைப் பருவத்து நெல்வயலில் காற்று வீசும்போது வயல் முழுவதும் அலையலையாக அசைகிறது. அந்த அசைவு ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புக்கு ஓடுகிறது. ஆனால் எந்த நெற்பயிரும் தன் இடத்தை விட்டுப் போவதில்லை. ஆழ்கடல் அலையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. அலை போகிறது, நீர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே எழுந்து தாழ்கிறது.

வற்றுப்பெருக்கு என்பது சந்திரனும் சூரியனும் கடலை ஈர்ப்பதனால் நாள்தோறும் நீர்மட்டம் உயர்ந்து தாழ்வது. 2004இல் நாம் கண்ட சுனாமி, கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தினால் உண்டானது. அதற்கும் காற்றுக்கும் தொடர்பில்லை.

நீரோட்டம் என்பது நீரே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் பயணம் செய்வது. குளத்து மதகைத் திறந்ததும் வாய்க்காலில் நீர் ஓடுவது போன்றது இது. ஒரேயொரு வேறுபாடு, இந்த வாய்க்காலுக்கு வரம்பு இல்லை. கடலின் மேற்பரப்பில் ஓடும் பெரிய நீரோட்டங்களை இயக்கும் முதன்மையான விசை காற்றேயாகும்.

2. காற்று நீரை இழுப்பது எவ்வாறு?

காற்று நீரின் மேல் செல்லும்போது நீரோடு உரசுகிறது. அந்த உராய்வு மேற்பரப்பு நீரை இழுக்கிறது. மேல்நீர் அசையும்போது அது தனக்குக் கீழுள்ள நீரையும் சிறிது இழுக்கிறது. அது அதற்குக் கீழுள்ளதை இழுக்கிறது. இவ்வாறு காற்றின் பிடி பத்துக்கணக்கான மீற்றர் ஆழம் வரை செல்கிறது. ஆழம் கூடக் கூட வேகம் குறைகிறது.

நீர் காற்றைவிட மிகவும் பாரமானது. ஆகவே அது காற்றின் வேகத்தில் ஓடாது. பொதுவாக மேற்பரப்பு நீர், காற்றின் வேகத்தில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு வேகத்தையே பெறும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, நீரை மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான வேகத்திலேயே நகர்த்துகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரவும் பகலும் ஓயாது வீசினால் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீற்றர். இருபது நாளில் 300 முதல் 400 கிலோமீற்றர். மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசும் பருவக்காற்று எவ்வளவு நீரை நகர்த்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தாச்சியில் நீர் நிரப்பி அசையாமல் வையுங்கள். அதன் மேல் சிறிது உமியைத் தூவுங்கள். பப்பாசி இலைக்காம்பு ஒன்றை எடுத்து, அதனூடாக நீரின் மேல் ஒரே திசையில் மெதுவாகத் தொடர்ந்து ஊதுங்கள். உமி எதிர்க்கரைக்கு ஓடும். அங்கே முட்டியதும் இரு பக்கமும் பிரிந்து, கரையோரமாகத் திரும்பி வரும். சமுத்திரங்களிலும் பெரிய நீரோட்டங்கள் கண்டங்களில் மோதித் திரும்புவது இவ்வாறே.

இனி உமியை எடுத்துவிட்டு, ஊதும் பக்கத்துக் கரையின் அடியில் ஒரு துளி மையை மெல்ல விடுங்கள். மறுபடியும் ஊதுங்கள். மேல்நீர் விலகிப் போக, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலெழுவதை மையின் நிறம் காட்டும். இதனை நினைவில் வைத்திருங்கள். கடலில் மீன் எங்கே பெருகும் என்ற கேள்விக்கு இது விடை தரும்.

3. நேரே போகாத நீர்

நோர்வே நாட்டவரான நான்சன் என்பவர், 1893இல் ‘பிராம்’ என்ற கப்பலை வடதுருவக் கடலின் பனிக்கட்டிகளுக்கிடையே உறையவிட்டு, பனியோடு பனியாக மிதந்து சென்றார். அப்போது அவர் ஒரு புதுமையைக் கவனித்தார். பனிக்கட்டிகள் காற்று வீசிய திசையிலேயே செல்லவில்லை. அத்திசைக்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாகச் சாய்ந்தே சென்றன. இதன் காரணத்தைக் கணித முறையில் விளக்கி 1905இல் கட்டுரை வெளியிட்டவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி எக்மான்.

காரணம் பூமியின் சுழற்சியே. இதையும் செய்து பார்க்கலாம். ஒரு வட்டமான தாளைத் தட்டையான மூடியொன்றின் மேல் வையுங்கள். ஒருவர் மூடியை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்ற, மற்றவர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பென்சிலால் நேர்கோடு இழுக்கட்டும். கை நேராகத்தான் போனது. ஆனால் தாளில் விழுந்த கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். மத்தியகோட்டுக்கு வடக்கே நகரும் நீருக்கும் காற்றுக்கும் நிகழ்வது இதுவே. தெற்கே இடப்பக்கமாக வளையும். மத்தியகோட்டில் இந்தத் திருப்பம் இல்லை.

ஒவ்வொரு நீர்ப்படையும் மேலுள்ள படையைவிடச் சிறிது அதிகமாக வலப்புறம் திரும்புகிறது. எல்லாப் படைகளையும் கூட்டிப் பார்த்தால், காற்று நகர்த்தும் நீர் மொத்தத்தில் காற்றின் திசைக்கு நேர் வலப்புறமாகச் செல்கிறது. காற்று கிழக்கு நோக்கி வீசினால், மேற்படை நீரின் மொத்தப் பெயர்ச்சி தெற்கு நோக்கி அமையும். எக்மான் கண்ட உண்மை இதுவே.

4. எமது தீவைச் சுற்றி

உலகின் பெரும்பாலான கடல்களில் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுகிறது. எமது இந்து சமுத்திரத்தின் வட பகுதியிலோ காற்று ஆண்டுக்கு இரு தடவை திசை மாறுகிறது. அதனோடு கடலும் திசை மாறுகிறது. சோமாலியக் கரையில் இந்த மாற்றம் மிகவும் வலிமையானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே நீரோட்டம் வடக்கு நோக்கி மணிக்கு 7 கிலோமீற்றரையும் தாண்டிய வேகத்தில் ஓடுவதுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்பிவிடும்.

இலங்கையில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நாம் சோளகம் என்றும் கச்சான் என்றும் சொல்வது இக்காலத்துக் காற்றையே. அப்போது தீவின் தெற்கே பெரும் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, பின்னர் வடக்கே வளைந்து வங்காள விரிகுடாவினுள் செல்கிறது. அது அராபியக் கடலின் உவர்ப்பு மிகுந்த நீரைக் கொண்டுபோகிறது.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை. அப்போது அதே தென்கடலில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய பேராறுகள் வங்காள விரிகுடாவில் கொட்டிய நன்னீர் கலந்த, உவர்ப்புக் குறைந்த நீர் அப்போது எம்மைச் சுற்றி மேற்கே செல்கிறது.

இனி, தாச்சியின் அடியில் விட்ட மையை நினைவுகூருங்கள். தென்மேற்குக் காலத்தில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைக் கரையோரமாகக் காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. எக்மான் சொன்னபடி மேல்நீர் அதற்கு வலப்புறமாக, அதாவது தெற்கே, கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த வெறுமையை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கடலின் பசளை அடியில்தான் படிந்திருக்கும். வயலை ஆழ உழுது அடிமண்ணைப் புரட்டுவது போல, காற்று கடலை உழுது பசளை நீரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றை உண்டு சிறிய உயிரினங்களும், அவற்றை உண்டு மீன்களும் பெருகுகின்றன. கடற்றொழிலாளரின் விளைச்சலுக்கும் பசளை வேண்டும். அதை இடுவது காற்று.

5. தூரத்துக் காற்றின் வேலை

எமது கரையில் ஓடும் நீரை எமது கரையில் வீசும் காற்று மட்டுமே தீர்மானிப்பதில்லை. இது பலரும் அறியாத ஒன்று.

வாடை எழுவதற்கு முன்னரே, ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில், கிழக்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. காற்று வரும் முன் கடல் எப்படித் திரும்பியது? விடை தொலைவில் இருக்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களில் மத்தியகோட்டின் வழியே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வீசுகிறது. அங்கே வலப்புறம் இடப்புறம் என்ற திருப்பம் இல்லாமையால் நீர் நேராகக் கிழக்கே சுமாத்திராவை நோக்கி விரைகிறது. விர்ட்கி என்ற விஞ்ஞானி 1973இல் இந்நீரோட்டத்தை விவரித்தார். சுமாத்திராவில் முட்டும் நீர்மட்ட உயர்வு, மியன்மார், வங்காளதேசம், இந்தியா என விரிகுடாவின் விளிம்பைச் சுற்றிக் கரையோரமாக நகர்ந்து எம்மிடம் வந்து சேர்கிறது. பெரிய குளத்தின் ஒரு மூலையில் மதகைத் திறந்தால் மறு மூலையிலும் நீர்மட்டம் அசைவது போன்றது இது. ஓரிடத்தில் வீசிய காற்றின் விளைவை இன்னோரிடத்து மக்கள் காண்கிறார்கள்.

6. கடல் சொல்லும் பதில்

இதுவரை காற்று கடலை நகர்த்துவதைப் பார்த்தோம். ஆனால் விடயம் அத்துடன் முடிவதில்லை. காற்று நகர்த்துவது வெறும் நீரை அல்ல, நீரிலுள்ள வெப்பத்தை. வெப்பமான கடலுக்கு மேலேதான் நீராவி மிகுதியாக எழுந்து முகில் திரளும். வெப்ப நீர் இடம் மாறினால் மழையும் இடம் மாறும். விவசாயியின் அடுப்பங்கரை வரை இது வருகிறது.

வானொலியில் ‘எல் நினோ’ என்று கேட்டிருப்பீர்கள். தென்னமெரிக்காவின் பேரு நாட்டுக் கடற்றொழிலாளர் இட்ட பெயர் அது. நத்தார் காலத்தையொட்டிக் கடல்நீர் வெப்பமாவதைக் கண்டு, குழந்தை இயேசுவை எண்ணி ஸ்பானிய மொழியில் அவ்வாறு அழைத்தார்கள். பசுபிக் சமுத்திரத்தில் வழமையாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று, வெப்ப நீரை இந்தோனேசியாவின் பக்கம் குவித்து வைக்கிறது. அங்கே கடல்மட்டம் தென்னமெரிக்கப் பக்கத்தைவிட ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். சில ஆண்டுகளில் இக்காற்றுத் தளரும்போது, குவிந்திருந்த வெப்ப நீர் கிழக்கே திரும்பிப் பரவுகிறது. அதுவே எல் நினோ. 1982-83, 1997-98, 2015-16 ஆகியவை அவற்றுள் மிக வலிமையானவை. இலங்கையில் எல் நினோ ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மழை வழமையைவிடக் கூடும் போக்கும், பின்னர் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும் போக்கும் உண்டு.

எமது இந்து சமுத்திரத்திலும் இதற்கு ஒத்த ஊஞ்சலாட்டம் ஒன்று உண்டென்பதை விஞ்ஞானிகள் 1999இல் எடுத்துக்காட்டினர். சில ஆண்டுகளில் மேற்கிலிருந்து வீசும் மத்தியகோட்டுக் காற்று வலுத்து, வெப்ப நீரைச் சுமாத்திராவின் பக்கம் மிகுதியாகக் குவிக்கிறது. முகிலும் அங்கேயே திரள்கிறது. வேறு சில ஆண்டுகளில் கிழக்கிலிருந்து காற்று வீசி, வெப்ப நீர் ஆபிரிக்காவின் பக்கம் சேர்கிறது.

2016ஆம் ஆண்டு முதல் வகையைச் சேர்ந்தது. கடல் சுமாத்திராவின் பக்கம் மிகவும் வெப்பமாகியது. அந்த ஆண்டின் இறுதியில் எமக்கு வரவேண்டிய மழை பொய்த்தது. 2016/17 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல், அதற்கு முந்திய காலபோகத்தின் விளைச்சலில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. 2019ஆம் ஆண்டு இதற்கு நேர்மாறு. வெப்ப நீர் மேற்கே சேர்ந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. டிசெம்பரில் எமது வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் வயல்கள் நீரில் மூழ்கின. ஒவ்வொரு ஆண்டும் இப்படியே நிகழும் என்று சொல்ல முடியாது. மழைக்குப் பல காரணிகள் உண்டு. ஆயினும் மழை பொய்த்தது எம் விதி என்றோ, இறைவன் எம்மை வெறுத்துவிட்டார் என்றோ மனம் சோர வேண்டியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதில் ஒரு பகுதியை மாதங்களுக்கு முன்பே அறியவும் முடியும்.

7. இந்த அறிவால் என்ன பயன்?

முதலாவது, விதைப்புக்கு முன் விசாரியுங்கள். கடல் மெதுவாக வெப்பமாகி மெதுவாகக் குளிர்வது. ஆகவே அதன் நிலையைப் பார்த்து வரும் பருவத்தின் போக்கை ஓரளவு கணிக்கலாம். எமது வளிமண்டலவியல் திணைக்களம் பருவகால எதிர்வுகூறல்களை வெளியிடுகிறது. காலபோகக் கூட்டத்தில் கமநல உத்தியோகத்தரிடம் அதைக் கேளுங்கள். மழை குறையும் என்ற அறிகுறி இருந்தால் மூன்றரை மாத நெல்லுக்குப் பதிலாக மூன்று மாத நெல்லை எண்ணலாம். நிலத்தில் ஒரு பங்கைப் பயறுக்கோ கௌபிக்கோ ஒதுக்கலாம். குத்தகை நிலத்தில் கடன்பட்டு விதைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எதிர்வுகூறல் பொய்ப்பதும் உண்டு. எனவே விதைநெல் முழுவதையும் ஒரே தடவையில் மண்ணில் போடாதீர்கள்.

இரண்டாவது, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள். குளத்தில் நீந்தப் பழகிய பிள்ளைக்குக் கடல் தெரியாது. காற்று எழுப்பிய அலைகள் கரையில் மோதி நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் ஓர் ஒடுங்கிய வழியால் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாது அமைதியாகத் தோன்றும் இடம் பெரும்பாலும் இந்த இழுவை நீரோட்டமே. அமைதியான இடம் என்று அங்கே இறங்கிவிடக் கூடாது. அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இயலுமானால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகிய பின்னர் கரைக்குத் திரும்புங்கள். கரையில் நிற்பவர் பின்னால் பாயாமல், மூடி இறுக்கிய வெற்றுக் கானையோ மிதக்கும் வேறொன்றையோ எறியட்டும். ஒருவரைக் காக்கப் போய் இருவர் இறந்த துயரம் பல கரைகளில் நிகழ்ந்திருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் கொண்டுவந்த அறிவை இழந்துவிடாதீர்கள். நிலம் கைவிட்டுப் போகலாம். காற்றைப் பார்த்துக் காலம் சொல்லும் அறிவு உங்களோடு வந்திருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அயலிலுள்ள கடற்றொழிலாளரிடம் அவர்களுடைய நீரோட்ட அறிவைக் கேளுங்கள். அவர்கள் கடலிலும் நீங்கள் வயலிலும் கவனித்துவந்தது ஒரே காற்றைத்தான்.

இனித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். டிசெம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து எம்மை நோக்கி வீசுகிறது. கிழக்குக் கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடுகிறது. வங்காள விரிகுடாவில் தத்தளிக்கும் படகை இவை எமது பக்கம் தள்ளும். மியன்மார்ப் பக்கத்து மூங்கில் தெப்பங்கள் மார்கழி, தை மாதங்களில் எமது கரையில் ஒதுங்குவதும் இதனாலேயே. ஆடி மாதத்தில் காற்று எம்மைக் கடந்து வடகிழக்கே வீசுவதால் அப்படகு பெரும்பாலும் எம்மை விட்டு அப்பால் தள்ளப்படும்.

ஆகவே அடுத்த மார்கழியிலும் வாடையோடு யாராவது வரக்கூடும். காற்று அவர்களைக் கரைவரை கொண்டுவரும். அதன் பின்னர் செய்ய வேண்டியதை முள்ளிவாய்க்கால் மக்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் சொந்த ஊரில் ஒவ்வொரு காற்றுக்கும் என்ன பெயர் வழங்கியது? எந்தக் காற்றுக்கு எந்த வேலையைச் செய்தீர்கள்? முதியோர் சொல்ல, இளையோர் எழுதுங்கள்.

2. தாச்சியும் உமியும் கொண்டு செய்த பரிசோதனையில் கண்டதைப் பிள்ளைகள் தமது சொற்களில் விளக்கட்டும்.

3. 2016/17 காலபோகத்தில் உங்கள் குடும்பம் எவ்வாறு சமாளித்தது? முன்கூட்டியே தெரிந்திருந்தால் எதை மாற்றிச் செய்திருப்பீர்கள்?

4. உங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள கடற்கரையில் ஆபத்தான இடம் எது? அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகையும் கயிறு கட்டிய வெற்றுக் கானும் வைக்க யார் பொறுப்பெடுப்பீர்கள்?